உப்புப் பார்க்கும் எடித்

எடித் துணியை நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். றேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் தகரத்தட்டின் ஓரத்தை ஈரத்துணியால் ஒரு விரலகலம் துடைத்து, துணியின் அந்த இடத்தை நுனிநாக்கில் தொட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறாள். அடுப்படியில் குழம்புக்கு உப்புப் பார்ப்பவர்களின் முகம் அப்படியே வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் எல்லோரும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

“உப்புக் கிடக்கு,” என்கிறாள் கடைசியில். “வடிவாக் கிடக்கு. இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தால் இந்தப் பெட்டி பாடாது, இருமும்.”

மன்னார்த் தீவில் உப்புப் போகாத இடம் கிடையாது. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் அது பூட்டிய அலுமாரிக்குள்ளும் போகும், கைக்கடிகாரத்தின் கண்ணாடிக்குள்ளும் போகும். றேடியோ, கிராமபோன், ரோச் லைற், தையல் மெசின் என்று எந்தப் புதுச் சாமான் வீட்டுக்கு வந்தாலும், வந்த அன்றே உப்பு அதன்மேல் கண் வைத்துவிடும். எடித்தின் பிழைப்பு அதனால்தான் நடக்கிறது. பேசாலையிலிருந்து ரயிலேறி, ஒரு நாள் தலைமன்னார்ப் பக்கம், ஒரு நாள் மன்னார்ப் பக்கம் என்று போய், மாதத்துக்கு ஒருமுறை வீடு வீடாக இந்தச் சாமான்களைத் துடைத்துக் கொடுக்கிறாள். எதையும் திருத்த மாட்டாள். “திருத்துறது கொழும்பு ஆக்கள். நான் துடைக்கிறனான்,” என்பாள், அதையும் ஒரு பட்டம் மாதிரி.

அவளுடைய பனையோலைப் பெட்டிக்குள் இரண்டு போத்தல் இருக்கும். ஒன்றில் மாரி காலத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீர். அது முன்பு சாராயப் போத்தல். முஸ்லிம் வீடுகளுக்கும் போகவேண்டியிருப்பதால் லேபலைச் சுரண்டி, மூன்று நாள் சாம்பல் போட்டுக் கழுவி எடுத்தாள். மற்றதில் மண்ணெண்ணெய் அடுப்பு பற்றவைக்கும் ஸ்பிரிட். இவற்றோடு ஆட்டுமயிர்த் தூரிகை ஒன்று, சேவல் இறகு இரண்டு, தையல் மெசின் எண்ணெய்க் குப்பி, பழைய மல்வேட்டி கிழித்த துணிகள். துணிகளை நீலம் போடாமல், கஞ்சி போடாமல் துவைத்து, வெயிலில் காயவைத்து, நான்காக மடித்து அடுக்கியிருப்பாள். பெட்டியின் அடியில் வேறொரு துணியும் ஒரு வருடமாகக் கிடக்கிறது. அதை அவள் துவைப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை.

வேலையில் இறங்குமுன் கலியாண மோதிரத்தைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொள்வாள். றேடியோப் பற்றறியின் இரண்டு முனைக்கும் நடுவில் அந்த மோதிரம் பட்டு ஒருமுறை விரல் வெந்துபோனது. தழும்பைக் காட்டியே வீட்டுப் பெண்களுக்குப் பாடம் நடத்துவாள். “முதலில வயரைக் கழட்டுங்கோ, பிறகு கையை வையுங்கோ. பாடி முடிஞ்ச உடனை பெட்டியைத் திறவாதேங்கோ. உள்ளுக்க இருக்கிற கண்ணாடிக் குமிழ் சூடாய் இருக்கும், ஈரத்துணி பட்டால் வெடிச்சுப்போம். வாயால ஊதாதேங்கோ, தூசி போகாது, உங்கட எச்சில்தான் உள்ளுக்க போகும்.” துணியை நாக்கில் வைப்பவள் எச்சிலைப் பற்றிப் பேசுகிறாளே என்று யாராவது சிரித்தால், “நான் பெட்டிக்கு எச்சில் குடுக்கிறேல்லை, வாங்கிறனான்,” என்று வெட்டிவிடுவாள்.

பற்றறிப் பக்கம் மட்டும் நாக்கைக் கொண்டுபோக மாட்டாள். அதன் முனையில் பூத்திருக்கும் வெள்ளைப்பொடி அமிலத்தால் வருவது, அதற்கு அப்பச்சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். “வெள்ளை எல்லாம் உப்பில்லை, தங்கச்சி,” என்பாள். தீவு முழுக்க அவள் சொல்லித் திரிந்த வாசகம் அதுதான். இப்போது அதைச் சொல்லும்போது அவளுடைய குரல் பாதியில் இறங்கிவிடுகிறது.

இந்த வித்தை அவளுக்குத் தலைமன்னார் இறங்குதுறையில் கிடைத்தது. இளவயதில் அங்கே ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வீட்டில் ஆயாவாக இருந்தாள். துரைசானி ஆசையாகக் கொண்டுவந்த றேடியோ ஒரு வருடத்திலேயே ஊமையாகிப் போனது. கொழும்பிலிருந்து வந்தவன் திறந்து பார்த்தபோது உள்ளே உப்புப் பாளம் பாளமாக இருந்தது. அன்று அவன் காட்டிக்கொடுத்த ஒழுங்கைத்தான் இன்றுவரை விடாமல் வைத்திருக்கிறாள்: முதலில் நல்ல தண்ணீர், பிறகு ஸ்பிரிட். உப்பு ஸ்பிரிட்டுக்கு அசையாது, தண்ணீருக்குத்தான் கரையும். அதனால் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். ஆனால் ஈரம் நின்றால் துரு வரும், ஆகவே பின்னாலேயே ஸ்பிரிட் தொட்ட துணியால் ஓட்டிவிட வேண்டும். கிணற்றுத் தண்ணீர் கூடவே கூடாது. இந்தத் தீவுக் கிணறுகளில் அரைவாசி உவர். உவர்த்தண்ணீரால் துடைத்தால் உப்பைப் பூசிவிட்டு வந்த மாதிரிதான்.

நாக்கில் வைத்துப் பார்ப்பது யாரும் சொல்லிக்கொடுக்காதது. அது அவளுடைய சொந்தச் சரக்கு.

துரை குடும்பம் சீமைக்குப் போன பிறகு எடித் பேசாலைக்குத் திரும்பி, படகு வைத்திருந்த சம்மாட்டி ஒருவரின் மகன் கிறகரியைக் கட்டி, இரண்டு பிள்ளைகளும் பெற்றாள். ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலேறுவதை விடவில்லை. அவளுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. கிராமபோனும் றேடியோவும் பெரும்பாலும் வீட்டின் உள்ளறையில்தான் இருக்கும். தீவின் முஸ்லிம் ஊர்களான தாராபுரத்திலும் எருக்கலம்பிட்டியிலும் அந்த அறைகளுக்குள் அந்நிய ஆண் கால் வைக்க முடியாது. எடித் நேரே போய்ப் பாயைத் தட்டிப்போட்டு இருந்துவிடுவாள்.

அப்படித்தான் தாராபுரத்து உம்மு குல்சூமின் வீட்டுக்கும் போகத் தொடங்கினாள். உம்மு குல்சூம் அவளைவிடப் பத்து வயது மூத்தவர், கணவரை இழந்தவர். ஒரே மகன் ஜுனைதீன் தாய்மாமனோடு சிங்கப்பூருக்குக் கடைவேலைக்குப் போயிருந்தான். எடித் அவரை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள். அவருக்கு இவள் எடித்துப் புள்ள.

நாற்பத்தொன்றாம் ஆண்டு அந்த மகன் ஒரு இசைத்தட்டு அனுப்பினான். பாட்டுத் தட்டு இல்லை. காசு கொடுத்து ஒரு சின்ன அறைக்குள் போனால் இரண்டு நிமிடம் பேசலாமாம், பேசியதைத் தட்டில் கீறிக் கையில் தந்துவிடுவார்களாம். உள்ளே மெல்லிய தகடு, மேலே கறுப்புப் பூச்சு. கிராமபோனில் வைத்தால் முதலில், “இப்ப பேசவா?” என்று கடைக்காரனைக் கேட்பான் ஜுனைதீன். தொண்டையைச் செருமுவான். பிறகுதான் “உம்மா” என்பான். ஸலாம் சொல்வான். வாப்பாவை அடக்கிய கபுறடிக்குப் போனால் தன்னையும் நினைத்துக்கொள்ளச் சொல்வான். இங்கேயும் மீன் இருக்குது, வாயில வைக்க ஏலாது என்று சிரிப்பான். நேரம் முடிந்ததற்கு மணி அடிக்கும். “வைக்கட்டா, உம்மா,” என்பான். அவ்வளவுதான்.

அடுத்த மாசி மாதம் யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தான். சண்டை முடிந்த பிறகு தாய்மாமனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ரயில்பாதை போடவென்று ஏற்றிக்கொண்டு போனவர்களில் ஜுனைதீனும் ஒருவன் என்றும், அந்தக் கூட்டத்தில் ஒருவரும் திரும்பவில்லை என்றும் எழுதியிருந்தார். மரணத்தைச் சொல்லும் மௌத்து என்ற சொல் அதில் இருக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு உம்மு குல்சூம் இருந்தார், அந்தத் தட்டையும் பிடித்துக்கொண்டு.

தட்டுக்குக் காவல் எடித்தான். அடிக்கடி போட்டால் கோடு தேயும் என்று சொல்லி, வருடத்தில் இரண்டு பெருநாளுக்கு மட்டும் போடவைத்தாள். இரும்பு ஊசி கீறும் என்று மூங்கில் ஊசி செய்வித்துக் கொடுத்தாள். அலுமாரியில் படுக்கவைக்காதேங்கோ, நிமிர்த்தி வையுங்கோ என்று இடமும் காட்டினாள். பெருநாளில் அந்தத் தட்டுப் பாடும் நேரத்துக்கு எடித்தும் அங்கே இருக்கவேண்டும் என்பது ராத்தாவின் சட்டம். “இப்ப பேசவா?” என்ற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். எல்லாம் இவ்வளவு ஒழுங்காகச் செய்தவளுக்குத்தான் அந்த வினை வந்து வாய்த்தது.

போன வருடம் நோன்பு மாதம். நல்ல சோளகம். பட்டினியும் வெக்கையும் தாங்காமல் உம்மு குல்சூம் தெற்குச் சன்னலைத் திறந்துவிட்டிருந்தார். எடித் கிராமபோனைத் துடைத்து முடித்து, பெருநாளுக்கு இன்னும் சில நாள்தானே என்று தட்டையும் எடுத்துப் பார்த்தாள். கறுப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு படலம், பூஞ்சணம் பிடித்தது போல. ராத்தா லுஹர் தொழ உள்ளே போயிருந்தார்.

எடித் ஈரத்துணியால் ஓரத்தில் ஒரு விரலகலம் துடைத்தாள். துணியை வாய்க்குக் கொண்டுபோனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். நோன்பு பிடிக்கிற வீடு. காலையிலிருந்து ஒரு மிடறு தண்ணீரும் தொண்டையில் இறங்காத மனுசி அடுத்த அறையில் தொழுதுகொண்டிருக்கிறார். இங்கே இருந்து எதையாவது நக்குவது மரியாதையில்லை என்று பட்டது. நோன்பு மாதம் முழுக்க அவள் முஸ்லிம் வீடுகளில் நாக்கை வெளியே காட்டுவதில்லை. யாரும் கேட்டு வைத்த வழக்கமில்லை, தானாக வைத்துக்கொண்டது.

சன்னல் திறந்திருக்கிறது, சோளகம் அடிக்கிறது, வெள்ளை பூத்திருக்கிறது. மன்னாரில் இதற்கு வேறு என்ன பெயர் சொல்வார்கள்? உப்பு என்று முடிவுகட்டிவிட்டாள்.

ஆனால் தண்ணீருக்கு அது போகவில்லை. அந்த இடத்தில்தான் அவள் நின்றிருக்க வேண்டும். தண்ணீருக்குக் கரையாதது உப்பில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொல்லிக்கொடுத்தவளாயிற்றே. நிற்கவில்லை. ஈரம் பட்டுவிட்டது, காயவைக்க வேண்டும் என்று கை தன்பாட்டில் ஸ்பிரிட் துணியை எடுத்துவிட்டது. முதலில் நல்ல தண்ணீர், பிறகு ஸ்பிரிட். இருபது வருடப் பழக்கம். ஒரு வட்டம் ஓட்டினாள். வெள்ளை நன்றாகப் போயிற்று. இன்னொரு வட்டத்துக்குத் துணியைத் திருப்பியபோது துணி கறுப்பாக இருந்தது. அந்த வெள்ளை தட்டின் பூச்சே விட்ட கசிவு. ஸ்பிரிட் அந்தப் பூச்சைக் கரைத்துக் கையில் கொடுத்துவிட்டது.

உம்மு குல்சூம் தொழுகை முடிந்து வந்தபோது துணி பெட்டியின் அடிக்குப் போயிருந்தது.

“ராத்தா, உப்புத் திண்டிட்டுது,” என்றாள் எடித்.

மன்னாரில் உப்பின்மேல் எந்தப் பழியையும் போடலாம், அது மறுத்துப் பேசாது. உம்மு குல்சூமும் மறுத்துப் பேசவில்லை. தட்டைப் பார்த்தார். எடித்தைப் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பித் திறந்திருந்த தெற்குச் சன்னலைப் பார்த்தார். மெதுவாகப் போய் அதைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டார்.

பெருநாளில் தட்டைப் போட்டுக் கேட்டார்கள். ஊசி வழுக்கி வழுக்கிப் போயிற்று. காற்று இரைவது போல ஒரே இரைச்சல். “இப்ப பேசவா” இல்லை, செருமல் இல்லை, முதல் உம்மாவும் இல்லை. துணி போகாத உள்வட்டம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. கடைசியில் மணி அடித்து, “வைக்கட்டா, உம்மா,” என்று மட்டும் கேட்டது. வந்து பேசிய மகன் போய், விடைபெறுகிற மகன் மட்டும் அந்தத் தட்டில் இருந்தான். எடித் அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. கிறகரி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

பெரிய வெள்ளிக்கு முன் பேசாலைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். சுவாமியார் மூன்று செபமாலை சொல்லச் சொன்னார், அந்தத் தாயிடமும் போய் உண்மையைச் சொல்லச் சொன்னார். செபமாலையை மூன்றுக்கு ஒன்பதாகச் சொல்லி முடித்தாள். மற்றதைச் செய்யவில்லை. மாதா மாதம் தாராபுரத்துக்குப் போனாள், மாதா மாதம் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அவளை உள்ளே இருந்து அரித்தது அந்தச் சன்னல்தான். உம்மு குல்சூம் அதை அன்றோடு திறக்கவேயில்லை. பங்குனி வெயிலிலும் திறக்கவில்லை. அறைக்குள் போனால் பழைய துணியும் சாம்பிராணியும் வியர்வையும் கலந்து மூச்சை அடைக்கும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சொல்லியும் பார்த்தார்கள். “நான் காத்து வாங்கின ருசிதானே எண்ட மகன்ட சொல்லத் திண்டது,” என்பாராம். மகன் கேட்காத மன்னிப்பை மகனிடம் கேட்டுக்கொண்டு, தன் வீட்டிலேயே மறியற்சிறை மாதிரி அடைந்து கிடந்தார். பொய் சொன்னவள் வெளியே காற்றில் திரிந்தாள்.

இந்த வருடமும் நோன்பு வந்தது. ஆடி மாதம், அதே சோளகம். எடித் போனபோது உம்மு குல்சூம் அந்த அறையில் சுவரோடு சாய்ந்திருந்தார். முகத்தில் வியர்வை வழிந்தது, உதடு வெடித்திருந்தது. முதல் நோன்பிலேயே மயக்கம் போட்டு விழுந்ததாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை வாசலில் வைத்தே சொல்லியிருந்தாள்.

“ராத்தா, கொஞ்ச நேரம் சன்னலைத் திறப்பமே,” என்றாள் எடித்.

“வேணாம் புள்ள. நீ உண்ட வேலயப் பாரு.”

எடித் மோதிரத்தைக் கழற்றி முடிந்துகொண்டு வேலையைப் பார்த்தாள். கிராமபோனின் மூடியைத் தூரிகையால் தட்டி, கைப்பிடியைத் துடைத்து, தட்டு சுற்றும் மேடையின் விளிம்பை ஈரத்துணியால் ஒரு விரலகலம் துடைத்தாள். துணியை மடித்து மடியில் வைத்தாள்.

உம்மு குல்சூம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஏன் நக்கிப் பாக்கல்ல?”

“நோன்பெல்லே, ராத்தா.”

“நோன்பு எனக்குத்தானே புள்ள. நீ கோயில் ஆள். நீ நக்கினா எண்ட நோன்பு முறியுமா?” அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்தது அவருக்கு. “பாரு, பாரு. உப்பு இருக்கா இல்லயா எண்டு எனக்குத் தெரியணும்.”

இவ்வளவு இலேசாகப் போயிருக்க வேண்டிய விசயமா அது? ஒரு சொல் கேட்டிருந்தால் போதும், போன வருடமும் இதே மனுசி இதே மாதிரிச் சிரித்துக்கொண்டு நக்கிப் பார் என்றுதான் சொல்லியிருப்பார். மரியாதை என்று நினைத்து மூடிய வாய், பிறகு பொய்க்குத்தான் திறந்தது.

துணியை நாக்கில் வைத்தாள். மழைத்தண்ணீரின் சப்பென்ற ருசி.

“உப்பில்லை, ராத்தா.”

“பாத்தியா,” என்றார் உம்மு குல்சூம். “சன்னலப் பூட்டி வச்சா வராது. போன நோன்புக்கே பூட்டியிருந்தா எண்ட மகன் இண்டைக்கும் பேசியிருப்பான். நான்தான்…”

“அண்டைக்கும் உப்பில்லை, ராத்தா.”

சொன்ன பிறகுதான் தான் சொல்லிவிட்டது எடித்துக்கே தெரிந்தது. இனி நிறுத்த முடியாது. ஓலைப்பெட்டியைக் கவிழ்க்கிற மாதிரிச் சரித்து அடியிலிருந்த துணியை எடுத்தாள். மல்வேட்டித் துணி, நடுவில் கறுப்புப் படிந்து காய்ந்து தோல் மாதிரி விறைத்திருந்தது.

“அது உப்பில்லை. நான் நக்கிப் பாக்கேல்லை, நீங்கள் நோன்பெண்டு. தண்ணிக்குப் போகேல்லை, அப்பவும் விளங்கேல்லை. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சன். உங்கட சன்னல் ஒண்டும் செய்யேல்லை, ராத்தா. நான்தான். பயத்தில உப்பெண்டு சொன்னன்.”

உம்மு குல்சூம் துணியை வாங்கி மடியில் விரித்தார். கறுப்பான இடத்தை விரலால் தடவினார். தடவிக்கொண்டே இருந்தார். எடித் அழுதாள். அவர் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. எடித்துக்கு அவர் திட்டினால் நல்லது போலிருந்தது.

பிறகு உம்மு குல்சூம் துணியைத் தட்டின் அளவுக்கு மடித்தார். அலுமாரியைத் திறந்து, தட்டு இருந்த காகித உறைக்குள் அதையும் செருகி, மறுபடி பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துத் தெற்குச் சன்னலடிக்குப் போனார்.

தாழ்ப்பாள் அசையவில்லை. ஒரு வருடம் இழுக்காத தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருந்தது, அதன்மேல் வெள்ளையாகப் பூத்தும் இருந்தது. இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பட்டினி கிடந்த கைக்கு அது வரவில்லை. எடித்தைத் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. கொஞ்சம் விலகி, பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டு நின்றார்.

எடித் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். மழைத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து துணியை நனைத்துப் பிழிந்து, தாழ்ப்பாளின் ஓரத்தில் ஒரு விரலகலம் துடைத்தாள். ராத்தா பார்த்துக்கொண்டு நிற்க, துணியை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.